ஒல்லாந்துப் புலியும் ஒரு சிறுவனின் கூழாங்கல்லும்

பழவேற்காட்டுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர், ஏரியையும் பறவைகளையும் பார்த்துத் திரும்புகையில், அங்குள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புருவங்கள் காவல் நிற்பதைக் கண்டு சற்றே திகைத்து நின்றுதான் செல்கிறார்கள். 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை இங்கே எழுப்பி, 1690 வரையில் சோழமண்டலக் கரையின் வியாபாரத்துக்கெல்லாம் இவ்வூரையே தலைமையிடமாகக் கொண்டு, நம் நெசவாளர்களின் துணிகளையும், பஞ்சகாலங்களில் சொற்ப விலைக்கு வாங்கிய ஏழை மனிதர்களையும் ஒருங்கே கப்பலேற்றிக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு அனுப்பிய அந்த ஒல்லாந்தக் கம்பெனிக்குத் தாய்நாட்டில் ஆறு கிளை மன்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ராட்டர்டாம் என்னும் துறைமுக நகரத்தில் இருந்தது. மீஞ்சூரில் வசிக்கும் எனக்கு, ராட்டர்டாம் என்ற பெயர் நெடுங்காலம் அந்தக் கல்லறைகளோடு மட்டுமே சம்பந்தப்பட்டதாக இருந்தது.

2021 பிப்ரவரி 7ஆம் தேதி அந்தச் சம்பந்தம் மாறிற்று. ராட்டர்டாம் சர்வதேசத் திரைப்பட விழா தன் ஐம்பதாவது ஆண்டில், புதிய இயக்குநர்களுக்கென்று வைத்திருக்கும் 'புலி விருது' என்னும் தலைப்பரிசை, பி. எஸ். வினோத்ராஜ் என்ற தமிழ் இளைஞர் இயக்கிய 'கூழாங்கல்' என்னும் படத்துக்கு அளித்தது. நாற்பதாயிரம் யூரோ பணமும் அதனோடு சேர்ந்தது. இந்தியப் படங்களில் அதற்கு முன் இப்பரிசைப் பெற்றது 2017இல் சனல்குமார் சசிதரனின் மலையாளப் படம் ஒன்றுதான். தமிழில் இதுவே முதலாவது. தொற்றுநோய் உலகை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்த காலமாதலால், விழா பெரும்பாலும் இணையத்தின் வழியே நடைபெற்றது. ஆகவே மேள தாளம் ஏதுமின்றி, ஏறக்குறைய மௌனமாகவே அந்தப் புலி தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

இத்தகைய விழாக்கள் யாவை, அவற்றின் பரிசுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதைச் சொல்லிவிட்டே படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிகளின் முதலையும், நட்சத்திரங்களின் புகழையும், விநியோகஸ்தர்களின் முன்பணத்தையும் சாராமல், சிறு தொகையைக் கொண்டு தம் மனத்துக்கு உகந்ததைச் சொல்லத் துணிகிறவர்களின் படங்களைச் சுயேச்சைப் படங்கள் என்கிறோம். அவற்றைச் சந்தை தேடி வருவதில்லை. அவைதாம் சந்தையைத் தேடிப் போக வேண்டும். விழாக்கள் அவற்றுக்கு அந்த வழியைத் திறக்கின்றன. உலகெங்கிலுமிருந்து வந்து குவியும் படங்களைத் தேர்வாளர்கள் பார்த்துச் சலித்து, சிலவற்றைப் போட்டிப் பிரிவில் நிறுத்துகிறார்கள். இயக்குநர்களும் விமரிசகர்களும் கலைஞர்களுமாகச் சிலர் கூடிய நடுவர் குழு அவற்றை முழுமையாகப் பார்த்து, தம்முள் விவாதித்து ஒரு முடிவுக்கு வருகிறது. சில விழாக்களில் பார்வையாளர்களின் வாக்குக்குத் தனிப் பரிசு உண்டு. ஆனால் நடுவர்களின் தலைப்பரிசு வேறு வகைப்பட்டது: வசூலையும் கைதட்டலையும் மறந்து, கலைத்தொழில் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் ஒரு படத்தை நேருக்கு நேர் பார்த்ததற்கு அது சாட்சி. அந்தச் சாட்சியம் கிடைத்துவிட்டால், வாங்குவோரும் வெளியிடுவோரும் அடுத்த படத்துக்குப் பணம் தருவோரும் தாமாகவே திரும்பிப் பார்க்கிறார்கள்.

ராட்டர்டாம் விழாவை 1972இல் ஹூபெர்ட் பால்ஸ் என்பவர் தொடங்கியபோது முதல் நாளிரவு வந்தவர்கள் 17 பேர் என்பார்கள். அவ்வளவு சிறிய கூட்டத்தைக் கண்டும் மனம் தளராது நடந்த விழா, 1995இலிருந்து புலி விருதை வழங்கி வருகிறது. தம் முதற் படத்தையோ இரண்டாவது படத்தையோ எடுத்திருக்கும் புதியவர்களுக்கென்றே அது ஏற்படுத்தப்பட்டது. இன்று உலகமே அறிந்த கிறிஸ்டோபர் நோலன், கையிருப்புப் பணத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்த தம் முதற் படத்துக்கு 1999இல் இதைப் பெற்றார். எங்கள் பக்கத்து மீனவர்களுக்கு இவ்வேற்பாட்டை விளக்குவது மிகவும் சுலபம். பழவேற்காட்டு ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களை வலியவன் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளாதபடி, இன்ன நாளில் இன்னார் வலை கட்டுவது என்று முறை வைத்துக் கொடுக்கும் 'பாடு' என்னும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. சிறு வலைக்காரனுக்கும் ஒரு நாள் நல்ல இடம் கிடைக்க வேண்டுமென்ற அந்த நியாயத்தைத்தான், புதியவனுக்கென்று ஒரு போட்டியை ஒதுக்கி வைத்த விழாவும் கடைப்பிடித்தது. பெரிய படகுகள் அந்தப் பாட்டில் இறங்க முடியாது.

அமெரிக்காவில் இதே காரியத்தைச் செய்வது சன்டான்ஸ் விழா. 1978இல் யூட்டா மாநிலத்தில் வேறு பெயரில் தொடங்கியதை, நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டின் ஸ்தாபனம் 1985இல் ஏற்றுக்கொண்டு, பனிமலை நடுவே பார்க் சிட்டி என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் ஜனவரி மாதக் குளிரில் நடத்தி வளர்த்தது. அதன் தலைப்பரிசு பெற்ற கதைப்படங்களின் வரிசையில் இரண்டை மட்டும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்; இரண்டும் நீரோரத்து மனிதர்களைப் பற்றியவை என்பதே காரணம்.

2012இல் அப்பரிசைப் பெற்ற 'பீஸ்ட்ஸ் ஆஃப் த சதர்ன் வைல்ட்' என்னும் படம், லூசியானா மாநிலத்தின் கடற்கழிகளுக்கிடையே, கரைக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட ஒரு குடியிருப்பில், நோயுற்ற முரட்டுத் தகப்பனோடு வாழும் ஒரு சிறுமியின் கதை. வெள்ளம் ஊரை விழுங்கியபோதும் அவ்விடத்தை விட்டு நகர மறுக்கும் மக்களின் கதை. தகப்பனாக நடித்த டுவைட் ஹென்றி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். மகளாக நடித்த குவென்ஷனே வாலிஸ், ஒன்பது வயதில் ஆஸ்கார் சிறந்த நடிகைக்கான பட்டியலில் இடம்பெற்று, அவ்வகையில் மிக இளையவளானாள். 2021இல் பரிசு பெற்ற 'கோடா', மாசசூசெட்ஸ் கரையில் குளோஸ்டர் என்னும் மீன்பிடித் துறைமுகத்தில், தாயும் தந்தையும் அண்ணனும் காது கேளாதவர்களாயிருக்க, தான் ஒருத்தி மட்டும் கேட்கவும் பேசவும் பாடவும் வல்லவளாய்ப் பிறந்துவிட்ட ஒரு பெண்ணின் கதை. மூலமான பிரெஞ்சுப் படத்தில் அக்குடும்பம் பால்மாடு வளர்க்கும் உழவர் குடும்பம். இயக்குநர் சியான் ஹேடர் அதை மீனவர் குடும்பமாக்கினார். அதனால் விலையைத் தன் இஷ்டப்படி குறைக்கும் வியாபாரியும், படகில் வந்து ஏறும் கண்காணிப்பாளரும், எல்லாரும் சேர்ந்து நேரடியாக மீன் விற்கத் துணியும் முயற்சியும் கதைக்குள் வந்தன. பழவேற்காட்டில் எந்த ஏலக்கூடத்தில் நின்று கேட்டாலும், அந்த வியாபாரியைத் தமக்குத் தெரியும் என்றே சொல்வார்கள். இரண்டரைக் கோடி டாலருக்கு அப்படத்தை ஆப்பிள் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டு அது ஆஸ்காரில் சிறந்த படமாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது.

'கோடா' பரிசு பெற்றது 2021 பிப்ரவரி 2ஆம் தேதி. 'கூழாங்கல்' பரிசு பெற்றது ஐந்து நாட்கள் கழித்து. ஒன்றுக்குக் கடல், மற்றொன்றுக்கு ஒரு சொட்டு நீரில்லாத மேட்டு நிலம்.

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ச் சீமையில், அரிட்டாபட்டியை ஒட்டிய பாறைக்காட்டில் எடுக்கப்பட்டது 'கூழாங்கல்'. 75 நிமிஷமே ஓடுகிறது. கணபதி என்ற குடிகாரத் தகப்பன், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மகன் வேலுவை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைத் திரும்ப அழைத்து வர, அல்லது அடித்து வர, புறப்படுகிறான். போன இடத்தில் அவள் இல்லை. சண்டையும் அவமானமுமே மிச்சம். பேருந்துக்கான பணம் சிறுவன் கையால் கிழிபட்டுப் போகவே, உச்சி வெயிலில் இருவரும் வந்த வழியே நடக்கிறார்கள். கதை இவ்வளவுதான். கருத்தடையான் தகப்பனாகவும் செல்லப்பாண்டி மகனாகவும் நடக்கிறார்கள். நடிக்கிறார்கள் என்று எழுத என் பேனா ஒப்பவில்லை. சிறுவன் முன்னே போனால் தகப்பன் பின்னே. தகப்பன் முன்னே போனால் சிறுவன், கண்டெடுத்த கண்ணாடித் துண்டில் வெயிலை வாங்கி அவன் முதுகில் அடிக்கிறான். அந்தச் சிறிய ஒளிவட்டத்தைத் தவிர அப்பிள்ளைக்கு வேறு ஆயுதமில்லை. வழியில் ஒரு குடும்பம் வளைக்குள் புகையிட்டு எலி பிடித்துச் சுட்டுத் தின்று பசியாறுகிறது. தாகத்துக்குத் தண்ணீர் இல்லாத இடத்தில், வாயில் எச்சில் ஊறட்டுமென்று சிறுவன் ஒரு கூழாங்கல்லைப் போட்டு ஒதுக்கிக்கொள்கிறான். வீடு வந்து சேர்ந்ததும் அந்தக் கல்லை மாடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கூழாங்கற்கள் கிடக்கின்றன. அந்நடை முதல் நடையல்ல என்பதை அக்குவியல் சொல்லிவிடுகிறது. ஒரு வசனம்கூட வேண்டியிருக்கவில்லை. தமிழ்த் திரையில் நான் கண்ட மிகச் சிறந்த தருணங்களில் இதை வைக்கிறேன்.

இக்கதை வினோத்ராஜின் வீட்டிலிருந்தே பிறந்தது. கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட அவருடைய சகோதரி, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தார். அந்த நடையை அந்தக் கணவன் நடந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணமே படத்துக்கு வித்து. தந்தையை இழந்து பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டு, பூச்சந்தையில் மூட்டை சுமந்து, திருப்பூரில் பனியன் தொழிற்சாலையில் வேலை செய்து, பின்பு சென்னையில் படத்தகடு விற்கும் கடை ஒன்றில் சேர்ந்தவர் அவர். உலகத்துப் படங்களையெல்லாம் அக்கடையிலேயே பார்த்துப் பயின்றார் என்பது அவர் பலமுறை சொல்லியிருக்கும் செய்தி. பின்பு இயக்குநர் சற்குணத்திடமும், முருகபூபதியின் 'மணல்மகுடி' நாடகக் குழுவிலும் இருந்தார். ஊரறிந்த கல்லூரியோ பயிற்சி நிலையமோ அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் எந்தக் கோணத்தில் காமிராவை வைத்து எவ்வளவு நேரம் அசையாமல் பார்க்க வேண்டும் என்ற ஞானம் அவருக்குச் சித்தித்திருக்கிறது. விக்னேஷ் குமுளையும் ஜெய பார்த்திபனும் அந்த வெயிலைப் படம் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், நம் தொண்டையும் வறளுகிறது. யுவன் சங்கர் ராஜா போன்ற புகழ்பெற்ற இசையமைப்பாளர் படத்தின் பெரும் பகுதியில் ஒதுங்கி நின்று காற்றுக்கும் காலடிக்கும் இடம் விட்டதும் பாராட்டுக்குரிய அடக்கம். தயாரிப்பை விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் ஏற்றுக்கொண்டனர்.

ராட்டர்டாமில் தமிழுக்கு இது திடீரென்று வாய்த்த பெருமையல்ல. முந்தைய ஆண்டு, 2020இல், திலீப்குமாரின் சிறுகதையைத் தழுவி அருண் கார்த்திக் எடுத்த 'நசீர்' அங்கே ஆசியப் படங்களுக்கான பரிசைப் பெற்றிருந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1952இல் நம் நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்து இத்தாலியப் படங்களைக் காட்டிப் போனதையும், அடுத்த பத்தாண்டில் ஜெயகாந்தன் சேரி மக்களைப் பற்றிய 'உன்னைப்போல் ஒருவன்' கதையைத் தாமே படமாக்கித் தேசிய விருதுகளில் இடம்பெற்றதையும் நினைவுகூரலாம். விதை அப்போதே விழுந்தது, முளைக்க நேரமாயிற்று.

பரிசுக்குப் பின் நடந்ததைச் சொல்லும்போது எனக்கு மனவருத்தம் ஏற்படுகிறது. 94ஆவது ஆஸ்காருக்கு இந்தியாவின் படமாகக் 'கூழாங்கல்' அனுப்பப்பட்டது. இறுதிப் பட்டியலை எட்டவில்லை. அது வருந்தத்தக்கதல்ல. பரிசு பெற்று இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் சென்று, 2023 அக்டோபரில், திரையரங்கைக் காணாமலே சோனி லிவ் என்னும் இணையத் தளத்தில் அது வெளியாயிற்று என்பதே வருந்தத்தக்கது. சந்தா கட்டியவர் பார்க்கலாம். வேலுவைப் போன்ற பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் வசிக்கும் ஊர்களில் எத்தனை பேர் அந்தச் சந்தா கட்டியிருப்பார்கள்? ராட்டர்டாம் விழாவின் நடுவர்கள் கண்டதை மேலூர்க்காரரும் மீஞ்சூர்க்காரரும் காண வழியில்லையென்றால், பரிசின் பயனில் பாதிதான் நமக்குக் கிட்டியது. வினோத்ராஜின் அடுத்த படமாகிய 'கொட்டுக்காளி', பெர்லின் விழாவில் காட்டப்பட்டபின் 2024 ஆகஸ்டில் திரையரங்குகளுக்கே வந்தது. சூரியும் அன்னா பென்னும் நடித்திருந்தனர். 2025இல் சன்டான்ஸின் உலகப் படப் பிரிவுத் தலைப்பரிசைப் பெற்ற ரோஹன் கானவடேயின் மராத்திப் படமான 'சாபர் போண்ட'வும் அதே ஆண்டில் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. வழி சிறிது அகலுகிறது என்று நம்ப இடமுண்டு. எனினும் சிற்றூர்ப் பள்ளிக்கூடத்திலும், மீனவர் குப்பத்தில் வலை பின்னும் கூடத்திலும், ஒரு வெள்ளைத் திரையைக் கட்டி இத்தகைய படங்களைக் காட்டும் சிறு சங்கங்கள் ஊருக்கொன்று வேண்டும் என்ற என் அபிப்பிராயம் நாளுக்கு நாள் உறுதிப்படுகிறது. அதற்குக் காரணமான ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

கோட்டைக்குப்பத்திலிருந்து வாரம் இருமுறை நண்டும் இறாலும் கூடையில் சுமந்து எங்கள் தெருவுக்கு வரும் ஒரு தாய் உண்டு, அறுபது வயதிருக்கும். ஒரு நாள் பிற்பகல், என் பேரன் இப்படத்தைத் தொலைக்காட்சியில் போட்டுக்கொண்டிருக்கையில் அவர் வந்தார். விற்பனை முடிந்தும் போகவில்லை. கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு, வாயிற்படியிலேயே அமர்ந்து பார்க்கத் தொடங்கினார். ஆட்டமில்லை, பாட்டில்லை, சண்டைக் காட்சிக்குரிய ஓசையுமில்லை. படித்தவர்களே பொறுமையிழப்பார்கள் என்று விநியோகஸ்தர்கள் அஞ்சும் நீண்ட நீண்ட காட்சிகள். அவர் இமை கொட்டவில்லை. தகப்பன் சிறுவனை அடிக்கும்போது, "அடப் பாவி" என்று மெல்லச் சொன்னார், வேறொன்றும் பேசவில்லை. படம் முடிய இன்னும் கால் மணி இருக்கையில், பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று மனமில்லாமல் எழுந்து போனார்.

அவர் பார்க்காமல் போன முடிவு இது: நிலத்தில் தோண்டிய சிறு குழி, அதன் அடியில் மெல்ல மெல்லக் கசியும் நீர், சுற்றிலும் காலிக் குடங்களோடு முறைக்குக் காத்திருக்கும் பெண்கள், ஒருத்தி குழியினுள் குனிந்து, கிண்ணத்தால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுகிறாள். காமிரா நகராமல் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. குடும்பத்தின் சண்டை, தகப்பனின் கோபம், பிள்ளையின் மௌனம் எல்லாம் அந்தக் குழியின் கரையில் வந்து நின்றுவிடுகின்றன. மீஞ்சூரில் வாழ்பவனுக்கு அக்காட்சி மேலூரின் காட்சியாக மட்டும் தோன்றாது. சென்னைப் பட்டணத்தின் தாகத்துக்காக எங்கள் நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் இறைத்ததனால், கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாயின. பின்னர் அதே கடல்நீரைக் குடிநீராக்க, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அளவில் ஓர் ஆலை 2010இல் காட்டுப்பள்ளியில் எழுந்தது. இடப்புறம் ஏரி, வலப்புறம் கடல், நடுவில் குடத்தோடு நிற்கும் பெண் என்பதே இக்கரையில் நெடுங்காலமாக நாங்கள் கண்டு பழகிய சித்திரம்.

அடுத்த வாரம் அந்தத் தாய் வந்து, கூடையை இறக்குமுன்பே கேட்டார்:

"ஐயா, அந்தப் புள்ள வூட்டுக்குப் போய்ச் சேந்துச்சா? வூட்ல தண்ணி இருந்துச்சா?"

தலைப்பரிசையும் புலியையும் ஒல்லாந்தையும் பற்றி நான் ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தவன் நிறுத்திக்கொண்டு, அந்தக் குழியையும், பெண்கள் முறை வைத்துக் காத்திருந்ததையும், ஒருத்தி கிண்ணத்தால் வழித்து ஊற்றியதையும் எனக்குத் தெரிந்தவரையில் விவரித்தேன். அவர் வலது கையைக் குவித்து, காற்றிலே இரண்டு முறை மொண்டு காட்டினார்.

"இப்பிடித்தானே? எங்கம்மா மணல்ல ஊத்துத் தோண்டி இப்பிடித்தான் மொள்ளுவாங்க. அடியில கலங்கிடக் கூடாது பாருங்க, அதான் மெதுவா."

பின்பு நண்டுகளை எண்ணத் தொடங்கினார்.